சங்கு, சக்கரம், சாட்சி: கைரேகை பற்றி வாசகர் கேள்விகள்

தடயவியல் பகுதிக்கு வந்த கடிதங்களில் இம்முறை கைரேகை பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் வெளியிட்டிருக்கிறோம்.

பள்ளிப் புத்தகத்தில் கைரேகையைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர் என்று இருக்கிறது. இரண்டு இந்தியர்கள் கண்டுபிடித்ததை ஆங்கிலேயர் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எது சரி?
*கல்லூரி மாணவி, திருச்சி*

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ‘கண்டுபிடிப்பு’ என்று ஒரே சொல்லால் சொன்னாலும், அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. நான்கையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

முதலாவது, ஓர் ஆளை ரேகையால் கட்டிப்போடுவது. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்கு ஜல்லி தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் வலது கை முழுவதிலும் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் பதித்து வாங்கினார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மை அது. ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று அவர் பிறகு மறுக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு வராது என்பது அன்று அவருக்குத் தெரியாது. அதன்பின் வருடக்கணக்கில் தன் விரலையும் மற்றவர் விரல்களையும் பதித்துப் பார்த்து, வயது ஏறினாலும் ரேகை மாறுவதில்லை என்று கண்டார். 1877-ல் ஹூக்ளி மாவட்டத்தில் பென்ஷன், பத்திரப் பதிவு, சிறை மூன்றிலும் விரல் பதிவைக் கொண்டுவந்தார்.

இரண்டாவது, குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் ரேகையை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்ற யோசனை. இதை அச்சில் முதலில் சொன்னவர் டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ஃபால்ட்ஸ். 1880 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் அவர் கடிதம் வந்தது. மூன்றாவது, கணக்கு. இரண்டு விரல்கள் ஒன்றுபோல இருக்க 6,400 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று 1892-ல் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் கணித்தார்.

இந்த மூன்றும் முடிந்த பிறகும் காவல் துறைக்குப் பெரிய பயன் கிடைத்துவிடவில்லை. காரணம் எளிது. ஒரு திருடன் பிடிபடுகிறான், பெயரை மாற்றிச் சொல்கிறான். அவன் பழைய குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். அலமாரியில் பல்லாயிரம் பேரின் பத்து விரல் பதிவுகள் இருக்கின்றன. பெயர் வரிசையில் அடுக்கியிருந்தால் பிரயோஜனமில்லை, பெயரே பொய்தானே? ஒவ்வொன்றாகப் புரட்டினால் வாரக்கணக்கில் ஆகும். ஆக, ரேகையின் வடிவத்தை வைத்தே தாளை அடுக்க ஒரு வழி வேண்டும். இந்த நான்காவது வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது. அது கல்கத்தாவில், எட்வர்ட் ஹென்றி தலைமையிலான வங்காளக் காவல் துறை அலுவலகத்தில் முடிந்தது. முடித்தவர்கள் அவருக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர்களாக இருந்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். கணிதம் படித்தவரான ஹக், பத்து விரல் பதிவுகளை 32 வரிசை, 32 பத்தி கொண்ட 1,024 அறைகளில் பிரித்து வைக்கும் கணக்கை உருவாக்கினார். போஸ் உட்பிரிவுகளை வகுத்ததோடு, ஒரு ரேகையின் விவரத்தைத் தந்தியில் அனுப்புவதற்கான குறியீட்டையும் செய்தார்.

அதற்கு முன் அங்கே இருந்தது பெர்ட்டியோன் முறை. பாரிஸ் காவல் துறையின் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் கொண்டுவந்தது. தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முன்கை என்று 11 அளவுகள். கருவியைப் பிடிக்கும் கை மாறினால் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும், ஆள் கிடைக்காமல் போவான். வளரும் வயதுப் பையன்களுக்கு அது பயன்படவே படாது. 1897-ல் அரசு அமைத்த குழு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, ரேகையே மேல் என்றது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று ஒப்புதல் கிடைத்து, உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் கல்கத்தாவில் வந்தது. லண்டன் ஸ்காட்லாண்ட் யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901 ஜூலையில்.

முறைக்கு நிலைத்த பெயர் ‘ஹென்றி முறை’. ஹக்குக்கு கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பின்னாளில் கிடைத்தன. பெயர் கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு எங்கள் பதில்: ரேகையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள் இல்லை. ஆனால் காவல் நிலையத்தில் பயன்படும் கருவியாக அதை மாற்றியவர்கள் அவர்கள்தான். ‘ஹக்–போஸ் முறை’ என்று எழுதுவதே நியாயம்.

1,024 அறை என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? உதாரணத்தோடு சொல்ல முடியுமா?
*கணித ஆசிரியர், தேவகோட்டை*

நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தையின் விரலைப் பிடித்து ‘சங்கா, சக்கரமா’ என்று எண்ணுவார்களே, அதே பார்வைதான் இதற்கும் வேண்டும். சங்கு என்பது, கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து, அதே பக்கம் திரும்புவது. சக்கரம் என்பது, கோடுகள் மையத்தைச் சுற்றிச் சுழிப்பது. இரண்டிலும் சேராமல் வில் போல லேசாக எழும்பி மறுபக்கம் இறங்குவது மூன்றாம் வகை. மக்களிடையே சங்கு 60 முதல் 65 சதவீதம், சக்கரம் 30 முதல் 35 சதவீதம், வில் சுமார் 5 சதவீதம்.

வலது கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2 என்று வரிசையாக வலது சுண்டுவிரல் 5 வரை, பிறகு இடது கட்டைவிரல் 6 முதல் இடது சுண்டுவிரல் 10 வரை எண் கொடுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து மதிப்பு வையுங்கள்: 1, 2-க்கு 16, 3, 4-க்கு 8, 5, 6-க்கு 4, 7, 8-க்கு 2, 9, 10-க்கு 1. சக்கரம் உள்ள விரலுக்கு மட்டும் அந்த மதிப்பு, மற்றதற்குப் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் கீழ் எண்.

ஒருவருக்கு வலது கட்டைவிரல் (1), வலது மோதிரவிரல் (4), இடது கட்டைவிரல் (6) மூன்றிலும் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படை: 8 + 4 = 12, ஒன்று கூட்டினால் 13. ஒற்றைப்படை: 16, ஒன்று கூட்டினால் 17. அவர் தாள் 13/17 அறைக்குப் போகும். சக்கரமே இல்லாதவர் 1/1, பத்தும் சக்கரமானவர் 32/32. மேலே 32, கீழே 32, பெருக்கினால் 1,024. ஒன்று கூட்டுவது எதற்கு என்று உங்கள் மாணவர்கள் கேட்பார்கள். 0/0 என்று ஓர் அறை வராமல் இருக்கத்தான்.

அறைகள் சமமாக நிரம்புவதில்லை. 1/1 பிதுங்கும், சில அறைகள் காலியாகவே கிடக்கும். அதனால் ஒரே அறைக்குள் மீண்டும் பிரிக்க, சங்கின் ஓரத்தில் கோடுகள் மூன்று திசையாகப் பிரியும் முக்கோணத்திலிருந்து மையம் வரை எத்தனை கோடுகள் குறுக்கே வருகின்றன என்று எண்ணுவார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சிறு தவறு எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். மேலே சொன்ன ஆளின் மோதிரவிரலை நடுவிரல் கட்டத்திலும் நடுவிரலை மோதிரவிரல் கட்டத்திலும் காவலர் மாற்றிப் பதித்துவிட்டார். சக்கரம் இப்போது 4-க்குப் பதில் 3-ல். மேல் எண் 4 + 1 = 5. கீழ் எண் 16 + 8 + 1 = 25. தாள் 5/25 அறைக்குப் போய்விட்டது. அந்த ஆள் மீண்டும் பிடிபட்டு, ரேகையைச் சரியாக எடுத்து 13/17 அறையில் தேடினால், ‘இவன் மேல் பழைய வழக்கு இல்லை’ என்றே பதில் வரும். இதைத் தடுக்கத்தான் தாளின் அடிப்பகுதியில் நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே அழுத்தாக இன்னொரு முறை பதிக்கிறார்கள். மேலே உள்ள வரிசையும் கீழே உள்ள வரிசையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் மாறியது தெரிந்துவிடும்.

கொள்ளையர்கள் மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போனதாகச் செய்தி வருகிறது. அது கைரேகையை அழிக்குமா?
*வாசகர், திண்டுக்கல்*

அழிக்காது. அது மோப்ப நாயைக் குழப்ப. தரையில் கிடக்கும் பொடிக்கும் பீரோக் கதவில் இருக்கும் ரேகைக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் ரேகையை அழிப்பது திருடனில்லை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்தார்கள். நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு ‘தெளிவான ரேகை இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். கையுறை போடாத திருடனுக்குக்கூட ரேகை விழாதா? வீட்டுக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்?
*குடும்பத்தலைவி, ஈரோடு*

தொட்ட இடத்தில் எல்லாம் ரேகை பதிந்துவிடும் என்பது சினிமா. விரல் மேட்டில் இருக்கும் துளைகளிலிருந்து வரும் வியர்வையும், முகத்தையும் தலைமுடியையும் தொட்டதால் ஒட்டிய எண்ணெய்ப் பசையும்தான் ரேகையாகப் பதிகின்றன. கை காய்ந்திருந்தாலோ, விரல் வழுக்கிப் போயிருந்தாலோ, தொட்ட பரப்பு சொரசொரப்பாக இருந்தாலோ கோடு பிரிந்து விழாது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், வழவழப்பான பெயின்ட் அடித்த பீரோ, டைல்ஸ், பாட்டில் இவை நல்ல இடங்கள். சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் தரை, செதுக்கு வேலை செய்த மரக்கதவு, பருத்தித் துணி இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

பொடி போடும் வேலையைக் கிட்டே நின்று பார்த்தால் அதன் நுட்பம் புரியும். கறுப்புப் பரப்புக்கு வெள்ளி நிற அலுமினியப் பொடி, வெளிர் பரப்புக்குக் கரிப்பொடி. பிரஷ் நுனியைப் பொடியில் லேசாகத் தொட்டு, தட்டி உதறிவிட்டு, பரப்பின் மேல் படுவது தெரியாத அளவுக்குத் தடவ வேண்டும். கோடுகள் தலைகாட்டியதும் கை திசை மாற வேண்டும்: கோடு ஓடும் திசையிலேயே பிரஷ் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் கோடு கலையும். பொடி அதிகமானால் பள்ளங்களும் நிரம்பி, சக்கரம் வெறும் வட்டத் திட்டாகிவிடும். திரும்பப் பெற வழியே கிடையாது. தெளிந்ததும் அளவுகோல் வைத்துப் புகைப்படம். அதற்குப் பிறகுதான் ஒட்டும் டேப்பை ஓரத்திலிருந்து காற்றுக் குமிழி இல்லாமல் விரலால் தேய்த்து ஒட்டி, ஒரே இழுப்பில் எடுத்து அட்டையில் பதிப்பார்கள். படம் எடுக்காமல் டேப்பை இழுத்து, டேப் பாதியில் நின்றுவிட்டால் அதோடு போச்சு.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எதுவும் செய்யாமல் இருப்பதுதான். சொல்வது எளிது, அந்த நேரத்தில் மனம் பதறும், எது போயிற்று என்று இழுப்பறையைத் துழாவுவோம், அக்கம்பக்கத்தவர் வந்து கதவைத் தொடுவார்கள், யாராவது பெருக்கிக் கழுவிவிடுவார்கள். 112 அல்லது 100-க்குச் சொல்லிவிட்டு, அறையைச் சாத்தாமல் வாசலில் நின்றுகொள்ளுங்கள். சாத்துவதற்குக் கைப்பிடியைத் தொட வேண்டியிருக்கும் என்பதால் சொல்கிறோம். திருடர் எறிந்த பொருள் வாசலில் மழையில் கிடந்தால் மட்டும், வழக்கமாக யாரும் பிடிக்காத விளிம்பைப் பிடித்துத் தூக்கி நிழலில் வையுங்கள். நனைந்ததைத் துடைக்காதீர்கள், அடுப்பருகே உலர்த்தாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து ரேகை கரையும். அட்டைப்பெட்டியில், ஓரம் இடிக்காமல் வைக்கலாம்.

வீட்டில் உள்ள எல்லோருடைய ரேகையையும் நிபுணர்கள் கேட்டால் மனம் நோக வேண்டாம். கிடைத்த ரேகைகளில் உங்கள் வீட்டாருடையதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேடுவதற்காக அது.

மொட்டைக் கடிதத்தில் பொடி போட்டு ரேகை எடுப்பார்களா?
*வாசகர், தென்காசி*

காகிதம் வியர்வையை உறிஞ்சிவிடும், மேலே பொடி ஒட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இராது. அங்கே வேதியியல்தான். வியர்வையில் அமினோ அமிலங்கள் உண்டு. காகித நாருக்குள் போய் அவை பல ஆண்டுகள் அப்படியே தங்கும். நின்ஹைட்ரின் என்ற பொருள் அவற்றோடு சேர்ந்தால் ஊதா நிறம் வரும். இதை 1910-ல் கேம்பிரிட்ஜில் ஸீக்ஃபிரீட் ரூஹேமன் கவனித்தார். கைரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் சொன்னது 1954-ல். நடுவில் 44 ஆண்டுகள், ஆய்வுக்கூடங்களில் இந்தத் தூளைத் தொட்டவர்களின் விரல் ஊதாவாகிக்கொண்டேதான் இருந்தது.

கடிதத்தை நின்ஹைட்ரின் கரைசலில் ஒரு நொடி முக்கி எடுத்து, காற்றில் உலர்த்தி, இருட்டில் ஓரிரு நாள் வைப்பார்கள். அவசரமென்றால் ஈரப்பதம் உள்ள பெட்டியில் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம். ஈரப்பதம் குறைந்தால் ரேகை எழாது, கூடினால் காகிதமே ஊதாவாகும். தவறான கரைப்பானில் முக்கினால் பேனா மை ஓடிவிடும். பிறகு கையெழுத்து நிபுணர் பார்ப்பதற்கு எதுவும் இராது. ஆகவே எழுத்தைப் படம் எடுத்த பிறகே முக்க வேண்டும். கடைகளில் தரும் பில் தாள் வெப்பத்தில் கறுத்துவிடும், அதற்கு வேறு முறை. பிளாஸ்டிக் பைக்கு இன்னொன்று: சூப்பர் க்ளூ பசையை மூடிய பெட்டிக்குள் ஆவியாக்கினால், ஈரப்பதம் 80 சதவீத அளவில் இருக்கும்போது ரேகையின் மேல் வெள்ளையாகப் படியும். 1970-களின் இறுதியில் ஜப்பானில் வந்த முறை இது.

கைரேகையை வைத்து உலகில் முதல் தண்டனை எங்கே கொடுக்கப்பட்டது? அர்ஜென்டினாவா, வங்காளமா?
*சட்டக் கல்லூரி மாணவர், மதுரை*

கொலை வழக்கு என்றால் அர்ஜென்டினா. 1892-ல் நெகோச்சியா என்ற ஊரில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். தாய் பக்கத்து வீட்டுக்காரரைக் கை காட்டினார். அவரை அடித்து விசாரித்தும் ஒப்புக்கொள்ளவில்லை. லா பிளாட்டாவில் ஜுவான் வுசெடிச்சிடம் ரேகை கற்ற இன்ஸ்பெக்டர் அல்வாரஸ், கதவில் காய்ந்த ரத்தத்தில் ஒரு கட்டைவிரல் பதிவைப் பார்த்தார். அந்த மரத்துண்டை அறுத்தெடுத்து ஒப்பிட்டபோது அது தாயின் விரல். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆயுள் தண்டனை.

வங்காளத்தின் ஜல்பாய்குரி வழக்கு சட்டம் படிப்பவர்களுக்கு அதைவிட முக்கியம் என்பது எங்கள் கருத்து. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார், பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. பெட்டியிலிருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தின் நீல உறையில் பழுப்பாக இரண்டு கறை. ஒன்று வலது கட்டைவிரல் ரேகை. கல்கத்தாக் கூடத்தில் தேடியபோது, அவர் வீட்டில் முன்பு வேலை செய்து திருட்டுக்காகச் சிறை சென்ற காங்காலி சரண் என்பவரின் தாள் பொருந்தியது. கறை பாலூட்டியின் ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். 1898-ல் தீர்ப்பு: திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை. விரல் அவருடையது, பஞ்சாங்கத்தைத் தொட்டிருக்கிறார், எடுத்திருக்கிறார். ஆனால் கத்தியைப் பிடித்தது அவர்தான் என்று ரேகை சொல்லவில்லை, பார்த்தவரும் இல்லை.

அந்த நீதிமன்றம் பிரித்துப் பார்த்த அதே கோட்டில்தான் இன்றும் வாதம் நடக்கிறது. 1899-ல் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விரல் ரேகை சேர்க்கப்பட்டது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவு. இரண்டிலும் நிபுணர் சொல்வது கருத்து.

ஒரு ரேகை எத்தனை நாளுக்கு முன் பதிந்தது என்று சொல்ல முடியுமா?
*வாசகர், புதுச்சேரி*

நம்பகமான முறை எதுவும் இல்லை. வெயில், காற்று, ஈரப்பதம், அன்று அந்த ஆளின் கை எவ்வளவு வியர்த்தது, எல்லாமே ரேகையின் வயதை மாற்றிக் காட்டும். அதனால்தான் எந்த இடத்தில் கிடைத்தது என்பதற்கு மதிப்பு. கடைக்கு வந்துபோகும் ஒருவரின் ரேகை மேசை மேல் இருந்தால் அதில் ஒன்றுமில்லை. அதே ரேகை பூட்டிய இழுப்பறையின் உள்பக்கத்தில் இருந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆளவந்தார் கொலை வழக்கில் தலை ஓரிடத்திலும் உடல் ரயில் பெட்டியில் வேறோரிடத்திலும் கிடைத்ததாகப் படித்தேன். அழுகத் தொடங்கிய உடலில், தண்ணீரில் கிடந்த உடலில் ரேகை எடுக்க முடியுமா?
*வாசகர், மானாமதுரை*

1952-ல் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில்தான் அந்த டிரங்குப் பெட்டி இறக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில். இப்படிப்பட்ட வழக்குகளில் யார் கொன்றது என்பதற்கு முன்னால், இறந்தது யார் என்பதே பெரிய கேள்வி.

முடியும். இறந்து சில மணி நேரத்தில் விரல்கள் மடங்கி விறைத்திருக்கும். ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தி, மண்ணும் ரத்தமும் போகக் கழுவி, சுத்தமாக உலர்த்த வேண்டும். விரலைத் தாளில் உருட்ட முடியாது, தாளைத்தான் விரலில் உருட்ட வேண்டும். கரண்டி போல வளைந்த ஒரு பிடியில் சிறு தாள் கீற்றைச் செருகி, மை தடவிய விரலின் மேல் அழுத்துவார்கள். தண்ணீரில் கிடந்து சுருங்கிய விரலுக்கு, முதல் கணுவுக்குக் கீழே ஊசி போட்டு நுனிவரை செலுத்தி, வெந்நீரோ கிளிசரினோ ஏற்றினால் மேல்தோல் உப்பிச் சுருக்கம் விரியும். ஊசித் துளையை நூலால் கட்டாவிட்டால் ஏற்றியது வெளியே வந்துவிடும். இன்னும் நாளானால் மேல்தோல் கையுறை போலக் கழன்று வரும். அப்போது நிபுணர் ரப்பர் கையுறை அணிந்து, கழன்ற தோலைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு மையில் தொட்டுப் பதிப்பார். தோல் போய்விட்டாலும் அடித்தோலில் அதே ரேகை மங்கலாக இருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். எந்தக் கை, எந்த விரல் என்று ஒவ்வொரு கீற்றிலும் அந்த நொடியே எழுதிவிட வேண்டும். பத்துக் கீற்றும் மேசையில் கலந்துவிட்டால் பட்ட பாடு வீண்.

இரட்டையர்களுக்கு ஒரே ரேகையா?
*பள்ளி மாணவர், நாகர்கோவில்*

உருவம் ஒன்றாக இருக்கும் இரட்டையர்களுக்கும் ரேகை வேறு. கருவில் மூன்றாம், நான்காம் மாதத்தில் ரேகை உருவாகும்போது விரல் இருந்த நிலை, சுற்றியிருந்த அழுத்தம், வளர்ந்த வேகம் எல்லாம் அதில் கலக்கின்றன. சங்கு, சக்கரம் ஒத்திருக்கலாம். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பது ஒத்திராது.

விரலைச் சுட்டுக்கொண்டால், அமிலம் ஊற்றிக்கொண்டால் ரேகை போய்விடுமா?
*வாசகர், வேலூர்*

மேல்தோல் மட்டும் போனால் அதே ரேகை திரும்ப வரும். ரேகையின் அச்சு அடியில் இருக்கிறது. அமெரிக்கக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர் அமிலத்தால் அழிக்கப் பார்த்தான். 1934-ல் சுட்டுக் கொல்லப்பட்டபோது மிச்சமிருந்த கோடுகளே ஆளைச் சொல்லின. ஆழமாக வெட்டினால் தழும்பு விழும், அந்தத் தழும்பு உலகில் வேறு யாருக்கும் இராது.

என் அம்மாவுக்கு வயது 71. முந்திரி உடைக்கும் வேலை செய்தவர். ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் ‘ரேகை விழவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
*வாசகர், பண்ருட்டி*

முந்திரி ஓட்டின் பால் தோலை அரித்து மேட்டைத் தேய்த்துவிடும். சிமென்ட், சுண்ணாம்பு, சாயப்பட்டறை, உப்பளம் இவற்றில் வேலை செய்பவர்களுக்கும் இதே நிலைதான். வேலையை நிறுத்திச் சில வாரங்களில் ரேகை மீண்டும் எழும். ஆனால் வயதாகும்போது மேடு தாழ்ந்து, தோல் வறண்டு போவதால் இயந்திரம் பள்ளத்தையும் மேட்டையும் பிரித்தறியத் திணறுகிறது. ரேகை அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

முதல் நாள் இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எண்ணெயோடு வைத்தால் கண்ணாடி மங்கிவிடும். முறை வந்ததும் விரலை நெற்றியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் வேண்டிய பசை கிடைக்கும். விரல் நுனியால் குத்தக் கூடாது, நகக்கணு வரை படிய வைத்து, மிதமாக அழுத்தி, இரண்டு மூச்சு அசையாமல் இருக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைக்காமல் மோதிரவிரலை முயலுங்கள், உடைக்கும் வேலையில் அதிகம் தேயாத விரல் அது. ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள். ரேகை விழாத ஒருவரைப் பொருள் இல்லாமல் திருப்பி அனுப்புவது முறையல்ல. மாற்று வழி கேட்டு வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ரேகை நிபுணர்கள் தவறு செய்வார்களா? எத்தனை புள்ளி ஒத்தால் ‘அவர்தான்’ என்று சொல்லலாம்?
*வழக்கறிஞர், கோவை*

செய்வார்கள், செய்திருக்கிறார்கள். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பின், டெட்டனேட்டர்கள் இருந்த நீலப் பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை கிடைத்தது. எஃப்.பி.ஐ. கணினி தந்த பட்டியலில் ஆரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். மூன்று நிபுணர்கள் ‘அவர்தான்’ என்றார்கள். நீதிமன்றம் வழியாக வந்த நான்காமவரும் அதையே சொன்னார். ஸ்பெயின் காவல் துறை ஏப்ரலிலேயே ‘பொருந்தவில்லை’ என்று எழுதியது. இருந்தும் மே 6-ல் கைது. இரண்டு வாரத்தில், அது ஓர் அல்ஜீரியரின் விரல் என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகுதான் விடுதலை.

எங்கே தவறியது என்று அமெரிக்க நீதித் துறை விசாரித்தபோது தெரிந்தவை ஒவ்வொரு வழக்கறிஞரும் அறிய வேண்டியவை. கோடிக்கணக்கான பதிவுகளில் கணினி தேடும்போது, உள்ளதிலேயே மிக நெருக்கமான ஒப்புருவைக் கொண்டுவந்து நிறுத்தும். முன்பெல்லாம் உள்ளூர்ச் சந்தேக நபர்கள் சிலரோடு மட்டும் ஒப்பிட்டபோது இந்த ஆபத்து குறைவு. அடுத்தது, வழக்கறிஞரின் தெளிவான ரேகையில் ஒரு புள்ளியை (கோடு முடியும் அல்லது இரண்டாகப் பிரியும் இடத்தை) பார்த்துவிட்டு, மங்கலான ரேகையில் அதைத் தேடிக் ‘கண்டார்கள்’. ஒத்துவராத மேல்பகுதியை ‘வேறொரு தொடுகை’ என்று ஒதுக்கினார்கள். சரிபார்த்தவர்களுக்கு முதல் நிபுணரின் முடிவு முன்பே தெரிந்திருந்தது.

எண்ணிக்கைக்கு வருவோம். பிரான்ஸின் லியோன் நகரத் தடயவியலாளர் எட்மோன் லோகார் 1914-ல் 12 புள்ளிகளுக்கு மேல் தெளிவாக இருந்தால் ஐயமில்லை என்றார். இங்கிலாந்தில் 16 என்று நெடுநாள் இருந்து 2001-ல் கைவிட்டார்கள். தரமில்லாத 16-ஐவிடத் தெளிவான 9 மேல் என்பதுதான் காரணம். குறுக்கு விசாரணையில் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். ஒப்பிடும் ரேகையைப் பார்ப்பதற்கு முன் தடய ரேகையின் புள்ளிகளைத் தனியே குறித்தாரா, அந்தக் குறிப்பு கோப்பில் உண்டா, ஒத்துவராத புள்ளி ஏதேனும் உண்டா, இரண்டாம் நிபுணருக்கு முதல் முடிவு சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். ஒத்துவராத ஒரே ஒரு புள்ளிக்கு விளக்கம் இல்லையென்றால், ஒத்துவந்த பதினைந்தும் நிற்காது.

தாத்தா 1960-களில் எழுதிய கிரயப் பத்திரத்தில் வைத்த கைநாட்டு வெறும் மைத்திட்டாக இருக்கிறது. இப்போது அது தாத்தாவுடையதல்ல என்று வழக்கு. அதை ஒப்பிட முடியுமா? இனி வைப்பவர்கள் எப்படி வைக்க வேண்டும்?
*விவசாயி, பட்டுக்கோட்டை*

பத்திரத்தில் இருப்பது திட்டாக இருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் ரேகைப் பதிவேடு தனியாக உண்டு. அன்று அதே விரலை அதிலும் வைத்திருப்பார். அது தெளிவாக விழுந்திருக்கலாம். நீதிமன்றம் மூலம் அந்தப் பதிவேட்டை வரவழைத்து நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். ஒப்பிட, தாத்தாவின் வேறு ஐயமற்ற பதிவு ஒன்று வேண்டும்: பழைய கூட்டுறவுக் கடன் பத்திரம், பென்ஷன் தாள், வேறு பதிவான ஆவணம், எதுவானாலும் சரி. நகல் போதாது, மூலம் வேண்டும்.

இனி வைப்பவர்களுக்கு: பெரும்பாலும் இடது கட்டைவிரல். முதலில் விரலைத் துணியால் துடைத்து வியர்வையை நீக்குங்கள். மைப்பெட்டியில் குத்தி எடுத்தால் மை பள்ளத்தில் நிற்கும், தாளில் திட்டுத்தான் விழும். பெட்டியில் லேசாகத் தொட்டு, வேறொரு தாளில் ஒருமுறை ஒற்றி, மிச்ச மையோடு பத்திரத்தில் வையுங்கள். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டு, திரும்ப உருட்டக் கூடாது. கட்டைவிரலை உடம்புப் பக்கமாக உருட்டினால் கை இறுக்கமில்லாமல் வரும். ஓரத்து முக்கோணம் விழாத ரேகையில் கோடு எண்ண முடியாது. எழுத்தின் மேலோ, ஸ்டாம்பின் மேலோ, மடிப்பிலோ வைக்காதீர்கள். முதல் பதிவு கெட்டால் அதன் மேலேயே வைக்காமல் பக்கத்தில் புதிதாக வைத்து, அருகில் யாருடைய விரல், எந்தக் கை என்று எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கிவிடுங்கள்.